பிரேசில்காரன் பார்த்த பிறை

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வீதியில் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு மஞ்சள் மதில் வரும். பெயின்ட் கம்பனியின் களஞ்சியம் என்று நினைத்துக் கேற்றைத் தட்டியவர்களும் உண்டு. உண்மையில் அது சாமஸ்ரீ தேசகீர்த்தி அல்ஹாஜ் மீரா முகைதீன் ஜே.பி. அவர்களின் வீடு. சாமஸ்ரீப் பட்டத்தை ஒரு சங்கமும் தேசகீர்த்திப் பட்டத்தை இன்னொரு சங்கமும் கொழும்பில் கொடுத்தன. இரண்டு சங்கத்துக்கும் செயலாளர் ஒரே ஆள்தான் என்பது ஊருக்குத் தெரியும். ஹாஜியாருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மட்டும்தான் ஹாஜியாருக்குத் தெரியாது.

உப்பளம் தகப்பன் விட்டுப்போனது. தென்னங்காணி மனைவி வீட்டாருடையது. அவர் தானாகத் தேடிக்கொண்ட ஒரே சொத்து, புத்தளம் பிரேசில் ரசிகர் சம்மேளனத்தின் தலைவர் கதிரை. சம்மேளனக் கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் பிளாஸ்டிக் கதிரை. அவருக்கு மட்டும் உயரமான முதுகுச் சாய்மானத்தோடு, கைப்பிடியில் சிங்கத் தலை செதுக்கிய தேக்குக் கதிரை. அதில் ஒரு மஞ்சள் துவாய் விரித்திருக்கும். பந்தை அவர் காலால் தொட்டதில்லை. ஒருமுறை பந்து தானாக வந்து அவருடைய வயிற்றைத் தொட்டது. அந்தப் பையன் அந்த வருடம் முழுக்க விளையாடவில்லை.

சம்மேளனத்துக்கு விதிகள் எழுதிய ஒரு யாப்பு இருந்தது. அதை எழுதியவரும் ஹாஜியார்தான். தகப்பனும் பிள்ளையும் ஊரில் பிறந்தவர்களாக இருந்தால்தான் உறுப்புரிமை என்று அதில் கண்டிருந்தது. பிரேசிலை ஆதரிப்பதற்கு வாப்பா புத்தளத்தில் பிறந்திருக்க வேண்டியது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விதி யாரைக் குறிவைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொண்ணூறில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிவிட்ட முஸ்லிம் சனம் வந்து குடியேறிய இடத்தில் ஓலைக்கொட்டில் போய்க் கல்வீடு வந்தது. சில கல்வீட்டுக்கு மேல்மாடியும் ஏறிவிட்டது. ஊர் அதை இன்னும் ‘முகாம்’ என்றே சொல்லும். 

முகாமிலிருந்து அஃப்ராஸ் என்று ஒருவன் இரண்டு தரம் உறுப்புரிமை கேட்டு வந்தான். பிஸ்கட் கம்பனி லொறியில் கடை கடையாகச் சரக்குப் போடுகிறவன். புத்தளம் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். மன்னாரை அவன் பார்த்தது ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான். ஹாஜியார் அவனை முற்றத்தில் நிறுத்திவைத்தே மிக அன்பாகப் பேசினார்.

“தம்பி, ஒங்கட ஊரு மன்னார்தானே. அங்க போய் ஒரு சம்மேளனம் தொடங்குங்க. நாங்க வந்து திறந்து வெக்கிறோம்.”

அஃப்ராஸ் சரி என்று போய்விட்டான். அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிஸ்கட் விற்கிறவர்களின் முகத்தில் லேசில் எதுவும் தெரியாது.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான் சம்மேளனத்தின் பேஸ்புக் பக்கத்துக்கு ரொட்ரிகோ சில்வா வந்து சேர்ந்தான்.

சாவோ போலோவில் இருக்கிறேன், இப்படி ஒரு மஞ்சள் மதிலை பிரேசிலிலேயே நான் கண்டதில்லை என்று அவன் எழுதியிருந்தான். ஹாஜியார் அன்று சுபஹு தொழுதுவிட்டு வந்து அதை ஏழெட்டுத் தரம் வாசித்தார். அடுத்த கிழமை, தான் இஸ்லாத்தைத் தழுவியவன் என்றும் பெயரின் நடுவில் அப்துல்லாஹ் இருக்கிறது என்றும் அவன் அறிவித்தான். பேஸ்புக் பக்கத்தில் ‘மாஷா அல்லாஹ்’ மழையாகக் கொட்டியது. பிறகு ஒருநாள், கதிரையை நாங்களும் கதிரை மாதிரித்தான் சொல்வோம், அலுமாரியும் அப்படித்தான் என்று எழுதினான். இதை வைத்துக்கொண்டு ஹாஜியார் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு முழு நீளப் பேச்சே பேசினார். போர்த்துக்கீசர் ஆண்ட பிரேசிலும் போர்த்துக்கீசர் ஆண்ட புத்தளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றார். அந்தத் தாய் நம்முடைய முன்னோரைக் கடற்கரை நெடுகத் துரத்தித் துரத்தி அடித்த கதையை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை.

சம்மேளனத்தின் செயலாளர் ஜபார் இறால் பண்ணைக்காரர். ஹாஜியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, ஆகவே அண்ணன் என்ற பொருளில் அவரை ‘நானா’ என்பார். அந்தத் தேக்குக் கதிரையின் மேல் பல வருடமாகக் கண் வைத்திருப்பவர். அவர்தான் முதலில் சந்தேகப்பட்டார். ரொட்ரிகோவும் சில்வாவும் இங்கே சிலாபத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிற பெயர்கள் என்றார். முந்தலில் ஒலிபெருக்கியும் திரையும் வாடகைக்கு விடும் அல்பிரட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தன்னுடைய மனைவி வீட்டார் எல்லோருமே ரொட்ரிகோதான் என்றும், அவர்களில் ஒருவர் இத்தாலிக்குப் போனாரே தவிர பிரேசிலுக்கு ஒருவரும் போகவில்லை என்றும் அல்பிரட் சொன்னார். பெயரை வைத்து மனிதரை அளப்பது கீழ்த்தரம் என்று ஹாஜியார் அந்தக் கதையை மூடினார். தலைவரின் விசேட அதிகாரத்தின் கீழ், யாப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ரொட்ரிகோவைச் சம்மேளனத்தின் சர்வதேசப் போஷகராக நியமித்தார்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நோன்புப் பெருநாளோடு ஒட்டி வந்த வருடம் அது. ஞாயிற்றுக்கிழமை பிரேசிலின் முதல் ஆட்டம். மைதானத்தில் பெரிய திரை கட்டி, பாராளுமன்ற உறுப்பினரை அழைத்து, போஷகரின் குரலைப் பிரேசிலிலிருந்து நேரடியாகக் கேட்கவைத்து விழாவைத் திறப்பதாக ஹாஜியார் அறிவித்திருந்தார். பாலாவி வரைக்கும் பெனர் கட்டியாயிற்று. ஒரு பக்கம் ஹாஜியார் கோட்டுப் போட்டிருந்தார். மறுபக்கம் பல் தெரியச் சிரிக்கும் ரொட்ரிகோ. நடுவில் இரு நாட்டுக் கொடி. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வருடாந்தக் கூட்டம், தலைவர் தெரிவு. பிரேசில்காரன் பேசி முடித்த பிறகு யார்தான் தன்னை எதிர்த்துக் கை தூக்கப்போகிறான் என்பது ஹாஜியாரின் கணக்கு.

வியாழக்கிழமை மாலை பிறை தெரியவில்லை. கொழும்புப் பெரிய பள்ளிவாசல் நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்யச் சொன்னது. பேஸ்புக் பக்கத்தில் ரொட்ரிகோவும் எழுதினான்: சகோதரர்களே, நாங்களும் பார்த்தோம், தெரியவில்லை, பொறுமையாக இன்னொரு நோன்பு. எல்லோரும் அதற்கு இதயம் போட்டார்கள். சனிக்கிழமை ஊர் பெருநாள் எடுத்தபோது அவனும் எடுத்தான்.

அன்று பகல் ஹாஜியார் வீட்டில் பெருநாள் சாப்பாடு. பலர் சேர்ந்திருந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள். சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் வந்தபோது, ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொட்ரிகோவின் பெருநாள் வாழ்த்தைப் போனிலிருந்து வாசித்துத் தமிழில் விளக்கினார். ஜபார் கரண்டியை வழித்து நக்கிக்கொண்டே கேட்டார்.

“நானா, கட்டார்ல என்ட மருமகன் நேத்தே பெருநாள் எடுத்திட்டான். சவூதி நேத்து. லண்டன் நேத்து. நம்ம ஊர்லயே வெளிநாட்டுப் பிறைக்காரர் நாலு வீட்டில நேத்து எடுத்தாங்க. ஒங்கட பிரேசில்காரன் மட்டும் கொழும்புப் பெரிய பள்ளிட அறிவித்தலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தவனா?”

இன்னொருவர் நினைவுபடுத்தினார்: கண்டிப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த கலவரத்தில் அரசாங்கம் நாடு முழுக்க பேஸ்புக்கை மூடிவைத்த கிழமையில் ரொட்ரிகோவும் காணாமல் போனானே. அந்தக் கிழமை அவன் நமக்காகத் துக்கம் அனுஷ்டித்தான் என்றார் ஹாஜியார்.

“அப்ப நீங்க அனுஷ்டிக்கல்லயா?” என்றார் ஜபார். “நீங்க அந்தக் கிழமை வீபீஎன் போட்டுட்டு ஹொலண்டுக்காரனா இரிந்து நாலு படம் போட்டீங்களே.”

சிரிப்பு ஒரு சுற்று வந்து, ஹாஜியாரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. பிறை விடயத்தை அவர் விசாரித்து நாளைக்கு மேடையில் பதில் சொல்வதாக அறிவித்தார். விருந்தினர் போன பிறகு சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி சித்தி ஸுலைஹா, திரும்பிப் பாராமலே ஒன்று சொன்னாள்.

“இஞ்சப் பாருங்க, அந்தப் பொடியன் நோன்பு திறந்த படம் போட்டானே, கஞ்சிக்குப் பக்கத்தில இரிந்தது நம்மட கடை ரோல்ஸ். பிரேசில்ல ரோல்ஸ் சுடுறாங்களா?”

உனக்கு உலகம் தெரியாது என்றார் ஹாஜியார். அவர் மக்காவுக்கு அப்பால் எங்கும் போனதில்லை. அவள் போனதும் அதே விமானத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல், மைதானத்தில் திரை கட்டிக்கொண்டிருந்த அல்பிரட், லைன் சரிதானா என்று ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பிரேசிலில் இப்போது விடியச்சாமம் இருக்குமே என்றும் சேர்த்துச் சொன்னார். போஷகர் எந்நேரமும் விழித்திருப்பவர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த ஹாஜியார், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழைப்பை எடுத்தார். வீடியோவைக் கேட்டார். கமரா பழுது என்றான் ரொட்ரிகோ. சரி, குரல் போதும். அவனுடைய இங்கிலீஷ் மூக்கால் வந்தது. அவர் அதைத்தான் பிரேசில் உச்சரிப்பு என்று பலருக்கும் விளக்கியிருந்தார். பிறை பற்றி எப்படிக் கேட்பது என்று அவர் தயங்கிக்கொண்டிருந்த நேரம், யன்னல் வழியாக ளுஹர் பாங்குக்கு மைக் திறக்கும் சத்தம் கேட்டது.

பள்ளிவாசல் மோதினார் உசனாருக்கு ஒரு பழக்கம். பாங்கு சொல்லுமுன் மைக்கில் இரண்டு தரம் செருமி, பிறகு தேநீர் குடித்து முடித்தவர் மாதிரி ‘ஹா’ என்று ஒரு மூச்சு விடுவார். இந்தச் செருமலை நிறுத்தச் சொல்லி ஹாஜியாரே நிருவாக சபையில் பலமுறை பேசியிருக்கிறார்.

இரண்டு செருமலும் ஒரு ‘ஹா’வும் யன்னலால் வந்தன. அதே இரண்டு செருமலும் அதே ‘ஹா’வும், ஒரு மூச்சு பிந்தி, சாவோ போலோவிலிருந்து அவருடைய காதுக்குள் வந்தன.

பாங்கு முடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அந்த மட்டில் இரண்டு பேரும் ஒழுக்கமானவர்கள்.

“யாரு நீ?” என்றார் ஹாஜியார், தமிழில்.

“அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். அஃப்ராஸ்.”

“எந்த அஃப்ராஸ்?”

“முகாம் அஃப்ராஸ். பிஸ்கட் லொறி.”

ஹாஜியார் கட்டிலில் இருந்தார். முதலில் அவருக்கு வந்தது கோபமல்ல, அருவருப்பு. இந்த வாயால் ஒரு பிஸ்கட்காரனை என் உயிர்ச் சகோதரனே என்று எத்தனை தரம் அழைத்திருக்கிறார். கோபம் அதற்குப் பிறகு வந்தது. பொலிசுக்குப் போவேன், கம்பனிக்கு அறிவிப்பேன், இன்றைக்கே மேடையில் தோலை உரிப்பேன் என்றார். அஃப்ராஸ் குறுக்கிடவில்லை. கடைக்காரர்கள் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுப் பழகியவன்.

“சொல்லுங்க ஹாஜியார். மைக் ஒங்கட கையிலதானே. சொல்லிட்டு அந்த பெனரையும் கழட்டச் சொல்லுங்க. அதில இரிக்கிறது ஷம்பூ விளம்பரத்து ஆள். எந்த நாட்டான் என்டு எனக்கும் தெரியா.”

அப்போதுதான் ஹாஜியாருக்குத் தன்னுடைய நிலைமை முழுதாக விளங்கியது. அஃப்ராஸை அவிழ்த்தால் தான்தான் நிர்வாணமாக நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தக் கதிரையில் ஜபார் இருப்பான், அதுவும் துவாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு. அவர் குரலைத் தாழ்த்தினார். உறுப்புரிமை தருகிறேன், மாலைக்கு வந்து ஒழுங்காகப் பேசிவிட்டுப் போய்விடு என்றார்.

“போஷகரா இரிக்கிறவன் உறுப்பினரா இறங்குறதா ஹாஜியார்? அது பிரேசிலுக்கு மரியாதை இல்லையே,” என்றான் அஃப்ராஸ். “பேசுறத்துக்கு நான் வாறன். பிறைக்கு மட்டும் நீங்க ஒரு பதில் யோசிச்சு வைங்க. எனக்கு அது நெனப்பில்லாமப் போச்சு. ஊரோட நோன்பு பிடிச்சுப் பழகின பழக்கம்.”

பின்நேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மைதானம் நிறைந்துவிட்டது. பாராளுமன்ற உறுப்பினர் வரவில்லை. மச்சானை அனுப்பியிருந்தார். முகாம் சனமும் வேலியோரம் வந்து நின்றது. திரை பார்க்க யாப்புத் தேவையில்லை. மைதானத்துக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் லொறி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நின்றதை ஹாஜியார் மட்டும் பார்த்தார். ரொட்ரிகோவின் குரல் அல்பிரட்டின் ஒலிபெருக்கியில் வந்தது. புத்தளமே, என் இதயமே என்றது. மைதானம் எழும்பி நின்றது. குரல் ஓய்ந்ததும் ஜபார் மேடையேறி, மிகப் பணிவாக மைக்கை வாங்கி, நேற்றைய பிறைக் கேள்விக்கு ஹாஜியார் இன்று பதில் தருவதாகச் சொன்னார் என்று சபைக்கு ஞாபகப்படுத்தினார். பிறகு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

ஹாஜியார் கோட்டை இழுத்துவிட்டார். உப்புக் காற்றில் பெனர் படபடவென்று அடித்தது. ஷம்பூக்காரன் சிரித்துக்கொண்டேயிருந்தான்.

“ரொட்ரிகோ அப்துல்லாஹ் எந்தப் பிறையைப் பார்த்தார் என்டு கேக்குறாங்க,” என்று தொடங்கினார். “அவர் நம்மட பேஸ்புக் பக்கத்தைப் பார்த்து, நம்மட ஆக்கள்ட நடத்தையைப் பார்த்துத்தான் மார்க்கத்துக்கு வந்தார். ஒரு மனிசன் எந்த ஊரால நேர்வழிக்கு வந்தானோ, அந்த ஊர்ப் பிறைதான் அவனுக்குப் பிறை. சாவோ போலோ முழுக்கப் பெருநாள் எடுக்கக்குள்ள, அவர் ஒரு ஆள் தனியா நோன்போட இரிந்தார். யாருக்காக? புத்தளத்துப் பிறைக்காக. நம்மட பிறைக்கு நோன்பு பிடிச்சவன் நம்மட ஊர் ஆள். அவனை வேத்தாள் என்டு சொல்ற நாக்கு அழுகிப் போகும்.”

வேலியோரத்திலிருந்து ‘அல்லாஹு அக்பர்’ என்று ஒரு தக்பீர் எழும்பியது. மைதானம் அதைப் பிடித்துக்கொண்டது. சிலர் அழுதார்கள். பிரேசிலில் ஒருவன் நம் பிறைக்காகப் பசித்திருந்தான் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு இளகாது. ஜபார்கூடக் கைதட்ட வேண்டியதாயிற்று. சங்கங்கள் கொடுத்த பட்டங்களைவிடப் பெரியதொன்று அன்று தனக்குக் கிடைத்ததாக ஹாஜியார் உணர்ந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்ததைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

அடுத்த நாள் காலை மஞ்சள் மதிலுக்கு வெளியே வரிசை நின்றது. முகாம் ஆட்கள். முன்னால் நின்ற கிழவர் ஹமீட் மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர். விரட்டப்பட்டு வந்த வருடத்திலிருந்து தான் கொழும்புப் பெரிய பள்ளி சொன்ன பிறைக்கு, இதே உசனார் பாங்குக்கு, நோன்பு பிடித்து நோன்பு திறப்பதாகச் சொன்னார். ஒரு நோன்புகூட விடுபட்டுக் களா ஆனதில்லையாம். நேற்று மேடையில் ஹாஜியார் சொன்ன சட்டப்படி உறுப்புரிமை பதிய வந்தோம் என்றார். ஹாஜியார் யாப்பு என்று தொடங்கினார். அப்போ ரொட்ரிகோ எந்த யாப்பின்படி என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். கேட்டவன் குரல் மூக்கால் வரவில்லை, ஆனாலும் ஹாஜியாருக்கு அது யாரென்று தெரிந்தது. பேனையை எடுத்துக் கையொப்பம் வைக்கத் தொடங்கினார். புதன்கிழமை வரை வைத்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் பிளாஸ்டிக் கதிரைகள் போதவில்லை. அன்றும் பிரேசில் ஆட்டம் இருந்ததால் கூட்டத்தை அதற்கு முன் முடித்துவிட எல்லோருக்கும் அவசரம். ஹாஜியாரின் பெயரை ஹாஜியாரின் மைத்துனர் பிரேரித்தார். அடுத்து ஜபார் எழுந்தார். தன் பெயரைச் சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த தலைகளை ஒருமுறை எண்ணிப்பார்த்திருந்த ஜபார், தனக்குக் கிடைக்காத கதிரை நானாவுக்கும் கிடைக்கக்கூடாது என்ற அளவில் திருப்திப்பட்டுக்கொண்டார்.

“நான் ரொட்ரிகோவைச் சந்தேகப்பட்டவன். அதுக்கு மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்றன்,” என்றார். “நம்மட பிறைக்காகத் தனியாப் பசிச்சிரிந்த மனிசன் இரிக்கக்குள்ள, நாங்க ஆரு அந்தக் கதிரையில இரிக்க? தலைவரா ரொட்ரிகோ அப்துல்லாஹ் சில்வாவை நான் பிரேரிக்கிறன். அவர் ஊர் ஆள்தான் என்டத்துக்கு மீரா முகைதீன் நானாவே சாட்சி.”

முகாம் கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. ஊர்க் கைகளும் ஒவ்வொன்றாக எழும்பின. பிரேசில் ரசிகர் சம்மேளனத்தில் பிரேசில்காரனுக்கு எதிராகக் கையைக் கீழே வைத்திருப்பது பார்வைக்கு நன்றாக இருக்காது. ஹாஜியார் வாயைத் திறந்தார். அவர் சொல்லக்கூடியதாக உலகத்தில் ஒரேயொரு வசனம்தான் இருந்தது. அதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையின் தக்பீர் முழுக்கத் திரும்பி வந்து அவருடைய தலையில் விழும். வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரும் கையைத் தூக்கினார்.

கடைசி வரிசையில், ஹமீடுக்குப் பக்கத்தில், அஃப்ராஸ் தனக்காகத் தானே தூக்கியிருந்த கையை இறக்கி, மடிக்குள் போனை வைத்துப் பெருவிரலால் எதையோ எழுதினான். கொஞ்ச நேரத்தில் ஹாஜியாரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவரிடம், தலைவரிடமிருந்து செய்தியா என்று கேட்டார்கள். வாசிக்கச் சொன்னார்கள். ஹாஜியார் கண்ணாடியை மாட்டி, வழமைபோல எழுந்து நின்று, தமிழில் விளக்கினார். இந்தக் கௌரவத்தை ரொட்ரிகோ ஏற்றுக்கொள்கிறார். தான் புத்தளம் வரும்வரை அந்தக் கதிரையில் யாரும் இருக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, தன் உயிர்ச் சகோதரர் மீரா முகைதீனுக்கே தருகிறார்.

ஆட்டம் தொடங்கப்போகிறது, திரையைப் போடுங்கள் என்று சத்தம் வந்தது. ஹாஜியார் தேக்குக் கதிரையிலிருந்து தன்னுடைய மஞ்சள் துவாயை எடுத்து மடித்தார். உட்கார இடம் தேடினார். கடைசி வரிசையில் மட்டும்தான் ஒன்று காலியாக இருந்தது, யாரும் இருக்கத் துணியாத, ஒரு கால் கொஞ்சம் வளைந்த பிளாஸ்டிக் கதிரை. அவர் வந்து இருந்ததும் பக்கத்திலிருந்தவன் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டு, பையிலிருந்து ஒரு பிஸ்கட் பக்கட்டைப் பிரித்து நீட்டினான்.

“எடுங்க ஹாஜியார்,” என்றான் அஃப்ராஸ். “கொஞ்சம் நொறுங்கிப்போன சாமான். கடைக்குக் குடுக்கேலாது.”

ஹாஜியார் ஒன்றை எடுத்துக்கொண்டார்.